தாராபுரம் வரைக்கும்

"அந்த ரோட்டுல ஓடாதீங்கன்னு நான் சொல்லலீங்க. இருக்கற ரோட்டையெல்லாம் உட்டுப்போட்டு அதையே எதுக்குன்னுதான்—"

"ரோட்ட நானா போட்டேன்? ரூட்டுப் போட்டது அவங்க. இங்கிருந்து தாராபுரம் ஆத்துப்பாலம், அம்பது கிலோமீட்டர். பேரு குடுத்தாச்சு, இனி—"

"கேட்டு முடிக்கறதுக்குள்ள பதில் சொல்றீங்க பாருங்க. எனக்கு அம்பதும் தெரியாது, நூறும் தெரியாது. அந்த ரோட்டுல யாரு ஊடு இருக்குதுன்னு—"

"யாரு ஊடும் எனக்குத் தெரியாது."

"தெரியாதுங்களா."

"மேடம், டேப் கதம்," என்றான் பேக்கிங் மேசையில் நின்ற பீகார்க்காரன். அவனுக்குத் தமிழ் புரியும். சண்டை எந்த இடத்துக்கு வந்துவிட்டது என்பதும் புரியும். அதனால்தான் அந்த நேரம் பார்த்து அட்டைப்பெட்டி ஒட்டும் டேப் தீர்ந்துவிட்டதாகச் சொன்னான். அயர்ன் மேசைகளில் நீராவி உஸ்ஸென்று சீறிக்கொண்டிருந்தது. தேய்க்கிறவர்கள் யாரும் தலை நிமிரவில்லை.

கீதாஞ்சலி அலமாரியைத் திறந்து ஒரு டேப்பை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். மகுடேஸ்வரன் அதற்குள் வாசலில் உட்கார்ந்து ஷூவை மாட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலமானால் அவருக்கு ஓடப் போயாக வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை ஷிப்மெண்ட் இருக்குது," என்றாள்.

"சனிக்கிழமையே முடிச்சரலாம் புள்ள."

"முடிச்சரலாம்னா யாரு முடிக்கறது?"

அவர் கயிற்றை இழுத்துக் கட்டினார். அந்தக் கேள்வி வந்தால் அவர் எப்போதும் கயிற்றைத்தான் கட்டுவார்.

வீரபாண்டியில் அவர்களுடையது ஜாப்வொர்க் யூனிட். பெரிய கம்பெனிகள் தைத்து அனுப்பும் பனியன்களைப் பிசிறு வெட்டி, தேய்த்து, மடித்து, பெட்டியில் போட்டுக் கொடுக்க வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து கட்டியது. மகள் அக்ஷரா வீட்டைவிட்டுப் போன வருஷத்திலிருந்து அதைக் கீதாஞ்சலி ஒற்றை ஆளாகத்தான் பார்க்கிறாள்.

அக்ஷரா ராஜ்கமலைக் கட்டிக்கொண்டாள். அவன் தெற்கே மதுரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பையன், சாம்பிள் டைலர். அவன் அம்மா ஒச்சாயி இவர்கள் யூனிட்டிலேயே பனியன்களில் பழுது பார்க்கும் செக்கிங்கில் இருந்தவள். ரிஜிஸ்டர் கல்யாணம் முடிந்த அன்றைக்கு, கூடத்தில் பங்காளிகள் நிறைந்து உட்கார்ந்திருக்க, மகுடேஸ்வரன் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"அவ ஊட்டுல நாங்க கை நனைக்க மாட்டோம்."

கை நனைப்பது என்றால் அந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிடுவது. அந்தப் பக்கத்தில் உறவை வெட்டிவிட்டோம் என்று சொல்ல வேறு வார்த்தை தேவையில்லை. பேசலாம், கோயிலில் பார்த்தால் சிரிக்கலாம். ஆனால் அந்த வீட்டுச் சோறு தொண்டையில் இறங்கக்கூடாது. பங்காளிகள் தலையாட்டினார்கள். உள்ளே அடுப்படியில் காப்பி கலந்துகொண்டிருந்த கீதாஞ்சலியை யாரும் கேட்கவில்லை. 'நாங்க' என்றதில் அவளும் அடக்கம்.

அக்ஷராவும் ராஜ்கமலும் தாராபுரத்துக்குச் சற்று முன்னால், ரோட்டோரமாகவே ஒரு வீடு பிடித்து நாலு தையல் மெஷின் போட்டார்கள். கீதாஞ்சலி மகளைப் பஸ் ஸ்டாண்டில் பார்ப்பாள், ஜவுளிக்கடையில் பார்ப்பாள். ஓட்டலில் உட்கார்ந்து இருவரும் இட்லி சாப்பிடுவார்கள். ஒருதரம் அக்ஷரா தன் கையால் போளிபோலப் பூரணம் வைத்து ஒப்பிட்டு சுட்டு டப்பாவில் கொண்டுவந்தாள். பஸ்ஸில் திரும்பும்போது அது கீதாஞ்சலியின் மடியில் நெய் வாசனையோடு சூடாக இருந்தது. கோவில்வழி வரும்வரை அதைப் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டு, பக்கத்து சீட்டு அம்மாளிடம், "உங்க ஊட்டுக் கொழந்தைகளுக்குக் குடுங்க," என்று டப்பாவோடு கொடுத்துவிட்டு இறங்கினாள்.

ஓட்டம் ஆரம்பித்தது கல்யாணத்துக்கு அடுத்த தையில். ஏதோ ஒரு சங்கத்தார் ஊருக்குள் மூன்று கிலோமீட்டர் ஓட்டம் வைத்தார்கள். அதற்கான டி-ஷர்ட் இவர்கள் யூனிட்டில்தான் மடிந்தது. கொடுக்கப் போன இடத்தில், "சும்மா ஜாலிக்குத்தானுங்க, நீங்களும் வாங்க," என்றார்கள். மகுடேஸ்வரன் போனார். பாதி ஓடி, பாதி நடந்து, கடைசியில் குழந்தைகளோடு வந்து சேர்ந்தார். அன்று ராத்திரி அவர் தூங்கினார். மகள் போன பிறகு அவர் தூங்கி அன்றுதான் அவள் பார்த்தாள். அதனால் கீதாஞ்சலியே, "இன்னொண்ணு வெச்சா போயிட்டு வாங்க," என்றாள். அந்த வாயைத்தான் பிறகு எத்தனையோ தடவை நொந்துகொண்டாள்.

மூன்று ஐந்தாயிற்று, ஐந்து பத்தாயிற்று. பத்துக்குப் பாலியெஸ்டர் பனியன் போடச் சொன்னார்கள். அதில் வேர்வை தங்காதாம்.

"பனியன் ஊர்ல பொறந்துட்டுப் பாலியெஸ்டரப் போட்டுட்டு ஓடுனா சிரிக்க மாட்டாங்களா?" என்று தன் யூனிட்டில் தேய்த்த சுத்தப் பருத்தி பனியனைப் போட்டுக்கொண்டு போனார். வேர்வையில் ஊறின பருத்தி அறுத்து, மார்பில் இரண்டு இடத்தில் ரத்தம் கோடாக இறங்கி, ஓடி முடித்துப் பதக்கத்தோடு வந்து நின்றார்.

"பாலியெஸ்டர் போட்டிருந்தா சிரிச்சிருப்பாங்க. இப்பப் பாத்தா அழுவாங்க," என்றாள் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே. அதற்கு அவர் சிரித்தார். இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறாள்.

பிறகு இருபத்தொன்று. பிறகு நாற்பத்திரண்டு. கால் நகங்கள் கருத்து விழுந்தன. மூன்று ஓடினபோது காலை டிபனுக்கு வந்துவிடுவார். இருபத்தொன்றுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். நாற்பத்திரண்டுக்கு வந்து, சாப்பிடாமலே விழுந்து தூங்கி மறுநாள்தான் எழுந்தார். இது இப்படியே போனால் ஒருநாள் ஓடிப்போய்த் திரும்பாமலே இருந்துவிடுவார் என்று கீதாஞ்சலிக்குத் தோன்றும். வீட்டில் இருக்க முடியாமல்தான் மனுஷன் ஓடுகிறார், தூரம் கூடக்கூட வீட்டில் இருக்கும் நேரம் குறையும், அதுதான் அவருக்கு வேண்டியது என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். வருத்தம்கூட இல்லை. சலிப்புத்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் அக்ஷராவிடம் போனில் சொன்னாள்.

"உங்கப்பா நாளைக்கு உங்க ஊட்டு வழியாத்தான் ஓடறாரு கண்ணு."

"தெரியும்மா. இங்க கடைசித் தண்ணி ஸ்டாப்பு எங்க வாசல்லதான். நானே கேட்டு வாங்கிக்கிட்டேன்."

"உள்ள வரமாட்டாரு சாமி."

"உள்ள கூப்பிடலம்மா. மேசைய ரோட்டுலதான் போடறேன். கேட்டுக்கு வெளிய." அக்ஷரா கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க வருவீங்களாம்மா?"

"ஸ்கூட்டில பின்னாலயே வரணும்ல. ஆளு எங்கியாச்சும் உழுந்தா அள்ளிப்போட ஒருத்தரு வேணும்ல."

விடிகிற வேளையில் ஓட்டம் தொடங்கிற்று. கீதாஞ்சலி ஸ்கூட்டியில் எலுமிச்சை, உப்பு, வாழைப்பழம், மாற்று சாக்ஸ், கால்வலித் தைலம் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு முன்னால் போவாள். ஓரிடத்தில் நிறுத்தி நிற்பாள். அவர் வருவார், குடிப்பார், போவார். மறுபடி முன்னால் போவாள். முதலில், "பரவால்லீங்களா?" "ம்." என்றாவது இருந்தது. வெயில் ஏறிய பிறகு அதுவும் நின்றது. அவர் கையை நீட்டுவார், அவள் டம்ளரை வைப்பாள். முகத்தில் வேர்வை காய்ந்து உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. பனியன் கம்பெனி பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. ஜன்னல் வழியே செக்கிங் பெண்கள் எட்டிப் பார்த்து, "பாவம், யாருக்கோ வேண்டுதலாட்ட இருக்குது," என்றது இவள் காதில் விழுந்தது.

கொடுவாய் தாண்டி ஒரு டீக்கடை பெஞ்சில் அய்யாசாமி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறை வைத்திருந்தவர், இப்போது மகன்கள் பார்க்கிறார்கள். மகுடேஸ்வரனோடு தினமும் ஓடுகிறவர்.

"எனக்கு இன்னைக்கு இவ்வளவுதான் அம்மிணி. கெண்டைச்சதை பிடிச்சுக்கிச்சு. உங்க பின்னால உக்காந்துக்கட்டுமா?"

"உக்காருங்க. எறங்கறப்ப சொல்லுங்க, நான் பாட்டுக்கு உங்களயும் எடுத்துட்டுத் தாராபுரம் போயிருவேன்."

"போனாப் போகுது. மகுடு இன்னைக்குத்தான் போய்ச் சேரப்போறாரு. கூட நானும் சேந்துக்கறேன்."

"இன்னைக்குத்தான்னா?"

அய்யாசாமி டீயை ஊதினார். "உங்களுக்குத் தெரியாதா? நாங்க எப்பவும் இந்த ரோட்டுலதான ஓடறது. பாலக்காட்டு ரோடு நெழலா இருக்கும், அவிநாசி ரோடு அகலமா இருக்கும், வாங்க மகுடுன்னா வரமாட்டாரு. மொத மொதல்ல கோவில்வழி வரைக்கும் வந்து திரும்பினாரு. அப்பறம் அவிநாசிபாளையம் வரைக்கும். போன வருஷம் இந்த டீக்கடை. இங்க ஒரு டீ குடிச்சுட்டு, மக ஊடு இருக்கற பக்கமே பாத்துட்டு நிப்பாரு. சரி போலாம்னு திரும்பீருவாரு. போகவும் வரவும் கால் தாங்கோணும்ல. திரும்பி வராம அங்கியே போய் முடியற ஓட்டம் இதுதான் மொதல்ல வந்துச்சு. பேரு குடுக்கற அன்னைக்கு மொத ஆளா நின்னாரு."

கீதாஞ்சலி கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷமும் அவர் வீட்டைவிட்டுத்தான் ஓடுகிறார் என்று நினைத்தாள். கருத்த நகத்துக்கெல்லாம் எண்ணெய் போட்டாளே, ஒருதரமாவது அவர் வாய் திறந்திருக்கலாம். மனசு குளிர வேண்டும்தான். குளிரவில்லை. முதுகெலும்பு முழுக்க ஒரு அசதி இறங்கிற்று.

"பஸ்ஸுல ஏறியிருந்தா ஒண்ணரை மணி நேரமுங்க," என்றாள்.

"அதென்னமோ வாஸ்தவம்," என்றார் அய்யாசாமி.

மகுடேஸ்வரன் அப்போது டீக்கடையைத் தாண்டிப் போனார். நிற்கவில்லை. அந்தப் பெஞ்சை ஒருதரம் பார்த்துக்கொண்டு போனார்.

அக்ஷராவின் வீடு வந்தபோது வெயில் உச்சிக்குப் போய்விட்டிருந்தது. சொன்னபடியே மேசை கேட்டுக்கு வெளியே, தார் முடியும் இடத்தில் கிடந்தது. மண்பானையில் மோர், தட்டில் தர்பூசணி. அக்ஷரா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். அம்மாவைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. மேசையை விட்டு நகர்ந்தால் அப்பா வந்துவிடுவாரோ என்று அங்கேயே நின்றாள்.

உள்ளேயிருந்து ராஜ்கமல், "அத்தை, வெயில்ல நிக்கிறீகளே. உள்ள வந்து ஒக்காருங்க," என்றான். கேட்டுக்கு இந்தப் பக்கம் அவன் வரவில்லை. மாமனார் கண்ணில் பட்டு அவருக்குச் சங்கடமாகிவிடக்கூடாது என்று நினைத்தான்போல.

"இருக்கட்டும் தம்பி," என்றாள் கீதாஞ்சலி.

அவர் வந்தார். ஓட்டம் என்று சொல்ல முடியாது, நடை என்றும் சொல்ல முடியாது. வலது காலை ஒருமாதிரி இழுத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வந்து மேசை முன்னால் நின்றார். நிமிர்ந்தார்.

"வாங்கப்பா," என்றாள் அக்ஷரா.

அவர் மகளைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். மேசைக்கும் கேட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். அக்ஷரா டம்ளரைக் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தார். இன்னொன்று கொடுத்தாள். அதையும் குடித்தார்.

"எளைச்சுட்டீங்கப்பா."

"ஓடறதுல அப்படித்தான் ஆகும்." குரல் கரகரத்தது. "மோர் நல்லாருக்குது."

ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடியே அய்யாசாமி, "மகுடு, மோர்ல உப்பு இருக்குதா?" என்றார்.

"இருக்குது. ஏன்?"

"வெறுந்தண்ணின்னா கணக்குல வராது. உப்புப் போட்டு ரெண்டு டம்ளர் குடிச்சுட்டீங்க. எங்க பக்கத்துல அதச் சோத்துக் கணக்குலதான் சேப்போம். கை நனைச்சாச்சு. இனி உள்ள போய் ஒக்காந்தா என்ன, போகலைன்னா என்ன?"

அக்ஷரா சிரிக்கப் பார்த்தாள். மகுடேஸ்வரன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ரோட்டுல குடிச்சது ரோட்டுக் கணக்கு."

"நல்ல கணக்கு போங்க."

அவர் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட, கால் மடங்கிவிட்டது என்பதுதான் சரி. கல் கொதித்திருக்கும். எட்டி நாலடி வைத்தால் கேட்டுக்குள் வேப்பமர நிழல். ராஜ்கமல் சத்தமில்லாமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து அந்த நிழலில் போட்டுவிட்டு உள்ளே போனான். அவர் அதைப் பார்த்தார். எழவில்லை.

கீதாஞ்சலி அவர் பக்கத்தில் குந்தினாள். ஷூவைக் கழற்றி சாக்ஸை உருவினாள். பெருவிரலில் ஒரு கொப்புளம் உடைந்திருந்தது. தைலத்தைத் தடவினாள்.

"டீக்கடைல அய்யாசாமியண்ணன் சொன்னாரு," என்றாள் மெதுவாக.

"என்னன்னு?"

"நீங்க எங்கெங்க வந்து திரும்பினீங்கன்னு."

அவர் ரோட்டைப் பார்த்தார். ரோட்டில் ஒரு டெம்போ நூல் மூட்டைகளோடு போயிற்று.

"எங்கிட்டச் சொல்லியிருந்தா நானும் கூட வந்திருப்பனுங்க. டீக்கடை வரைக்குமாவது."

"என்னத்தச் சொல்றது புள்ள." அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "நாலு பேரு முன்னால சொன்ன சொல்லு. அத எப்படித் திரும்பி எடுக்கறதுன்னு எனக்குத் தெரியல. ஓடத் தெரிஞ்சுது. ஓடினேன்."

"வந்துட்டீங்கல்ல. இந்தா, இதான் ஊடு. எந்திரிச்சு உள்ள வாங்க."

"பாலம் இன்னும் இருக்குது."

"பாலத்துல என்ன இருக்குது?"

"பேரு குடுத்தது பாலம் வரைக்கும்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். வெயிலில் சுண்டி, உதடு வெடித்து, பார்க்கச் சகிக்கவில்லை. பிடிவாதம் என்று முன்பானால் நினைத்திருப்பாள். இப்போது பார்த்தால் பிடிவாதமாகவும் தெரியவில்லை. வாசலில் வந்து நிற்கத் தெரிந்த மனுஷனுக்கு வாசற்படி ஏறத் தெரியவில்லை. அதைக் கற்றுக்கொள்ள இன்னும் எத்தனை கிலோமீட்டர் பிடிக்குமோ. அதுவரை ஸ்கூட்டியில் பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். எலுமிச்சை நறுக்க வேண்டும். ஷிப்மெண்டை முடிக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் இட்லி தின்ன வேண்டும்.

அவள் வேறு சாக்ஸை மாட்டிவிட்டாள். கயிற்றை அவளே கட்டினாள். பிறகு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எனக்கு முடியலீங்க," என்றாள்.

"ஸ்கூட்டியிலதான வந்த?"

"ஆமாங்க. ஸ்கூட்டியிலதான் வந்தேன். அதுக்கே முடியல." எலுமிச்சைப் பையை அவர் கையில் கொடுத்தாள். "இதுக்கு மேல நீங்களே போய்க்குங்க. நான் உள்ள போய் ஒக்காரறேன்."

"கீதா."

"சொன்னது நீங்க. நான் ஒண்ணும் சொல்லலீங்களே. அடுப்படில காப்பி கலக்கிட்டிருந்தேன்."

அவர் கையிலிருந்த பையைப் பார்த்தார். அய்யாசாமி ஸ்கூட்டிக் கண்ணாடியில் தன் மீசையைப் பார்த்துக்கொண்டார்.

கீதாஞ்சலி கேட்டைத் தள்ளினாள். அது கொஞ்சம் கிறீச்சிட்டது. வேப்பமரத்தடி நாற்காலியில் உட்கார்ந்ததும், கால் இரண்டும் தன்னுடையவை இல்லாததுபோல் கனத்தன. உள்ளே மெஷின் எண்ணெய் வாசனையும், யாரோ வெங்காயம் வதக்கும் வாசனையும் கலந்து வந்தன. அக்ஷரா மேசையை விட்டுவிட்டு வந்து அம்மா பக்கத்தில் நின்றாள். தொடவில்லை. நின்றாள்.

"என்ன கொழம்பு கண்ணு?"

"பச்சப்பயிறு கடைஞ்சிருக்கேன்மா. ரசம் வெக்கணும்."

"சோறு?"

"இனித்தான்மா. நீங்க வருவீங்களோ மாட்டீங்களோன்னு ஒல மட்டும் கொதிக்குது."

வெளியே மகுடேஸ்வரன் எழுந்துவிட்டிருந்தார். பையை அய்யாசாமியின் மடியில் வைத்தார். ரோட்டைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார். கேட்டைப் பார்த்த பார்வை கொஞ்சம் நீண்டது. அப்புறம் திரும்பிப் பாலத்துப் பக்கம் நடக்கத் தொடங்கினார். பத்தடி நடந்து, வலது காலை ஒருதரம் உதறி, ஓட்டம்போல ஒன்றைப் பிடித்துக்கொண்டார். முதுகில் போட்டிருந்த எண் அட்டை ஒரு முனை கழன்று காற்றில் படபடத்தது.

கீதாஞ்சலி நாற்காலியை விட்டு எழவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, அவர் காதில் விழுகிற அளவுக்குக் குரலை எடுத்தாள்.

"ஏனுங்க, உங்களுக்கும் சேத்து அரிசி போட்டரட்டுங்களா?"